டிஸ்க்கில் கீறல் இல்லை

ஒரு மணி ஏழாவது நிமிடத்தில் படம் நின்றது. திரையில் ஒரு பனிக்கரடி முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே உறைந்திருந்தது. சித்தப்பா எழுந்துபோய் டிஸ்க்கை வெளியே எடுத்தார். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைத்தார். வட்டமாகத் துடைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். மறுபடி போட்டார். ஒரு மணி ஏழாவது நிமிடம். அதே கரடி, அதே கால்.

"டிஸ்க்கு போச்சுடா. கவரைப் பிரிச்சு ரெண்டு நாள்கூட ஆகல."

"கீறலே இல்லையே சித்தப்பா."

"அப்ப லென்ஸ் போயிருக்கும். ரிப்பேருக்குக் குடுத்தா இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் இல்லம்பான்."

ஆனால் அவரிடம் இருந்த மற்ற டிஸ்க்குகள் எல்லாம் அந்த பிளேயரில் ஓடின. இந்த டிஸ்க்கும் பக்கத்துத் தெருவில் அவர் நண்பர் வீட்டு பிளேயரில் கடைசிவரை நிற்காமல் ஓடியது. டிஸ்க்கும் நல்லது, பிளேயரும் நல்லது; இரண்டையும் சேர்த்தால்தான் கரடி நிற்கிறது. அதைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவைப்படவில்லை. பிளேயரை நடத்தும் மென்பொருளைப் புதுப்பித்தோம், அவ்வளவுதான். இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடத்தில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடந்தது என்பது சித்தப்பாவுக்கு விளங்கவில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

விசிடி காலத்திலிருந்து நமக்குப் பழகிய முதலுதவி துடைப்பதுதான். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. டிஸ்க்கில் படமும் ஒலியும் வரிசையாக இருந்தன. பிளேயர் அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படித்துத் திரைக்கு அனுப்பியது. நடுவில் நின்றால் அழுக்கோ கீறலோ காரணமாக இருக்கும். ப்ளூ-ரே அப்படிப்பட்டதல்ல. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் நாம் ஏமாறுகிறோம். 12 செ.மீ. குறுக்களவு, 1.2 மி.மீ. கனம் என்பது 1982இல் சிடி வந்தபோது வைத்த அளவு, இன்றுவரை மாறவில்லை. மாறியதெல்லாம் உள்ளே.

டிஸ்க்கில் தரவு ஒரே சுருள் தடமாக நடுவிலிருந்து ஓரம்வரை போகிறது. சிடியில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். டிவிடியில் 0.74. ப்ளூ-ரேயில் 0.32 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தடங்கள். ஒரு அடுக்கில் உள்ள தடத்தை மட்டும் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் வரும். இவ்வளவு நெருக்கமாக எழுதியதைப் படிக்கச் சிடியின் அகச்சிவப்பு லேசர் உதவாது. அதன் அலைநீளம் 780 நானோமீட்டர், ஒளிப்புள்ளி பெரிது. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டரில் நீல ஊதா லேசர். பெயரில் உள்ள நீலம் அதைக் குறிப்பதுதான். லேசர் மாறியதோடு, தரவு இருக்கும் ஆழமும் மாறியது. சிடியில் 1.2 மி.மீ. பிளாஸ்டிக்கைக் கடந்துதான் ஒளி தரவைத் தொடும். ப்ளூ-ரேயில் அந்தப் போர்வை வெறும் 0.1 மி.மீ.

இந்தச் சின்ன எண்ணில்தான் பெரிய சிரமம் ஒளிந்திருக்கிறது. கூம்பு போலக் குவிந்துவரும் ஒளிக்கற்றை சிடியின் மேற்பரப்பைத் தொடும் இடத்தில் முக்கால் மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதில் ஒரு தூசி விழுந்தால் ஒளியில் ஒரு சிறு பங்குதான் மறையும். ப்ளூ-ரேயில் அதே இடத்தில் கற்றையின் அகலம் மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. அதே தூசி இங்கே பாறாங்கல். அதனால்தான் ப்ளூ-ரேயின் மேல் கீறல் விழாத கடினமான பூச்சு பூசுகிறார்கள். சித்தப்பா விளக்கில் சாய்த்துப் பார்த்தபோது ஒரு கோடுகூடத் தெரியாததற்கு அந்தப் பூச்சுதான் காரணம்.

சரி, இதில் மென்பொருளுக்கு என்ன வேலை? டிஸ்க்கைத் தட்டில் வைத்து மூடியதும் 'லோடிங்' என்று காட்டுகிறதே, அந்தச் சில நொடிகளைக் கவனியுங்கள். உள்ளே வந்திருப்பது சிடியா, டிவிடியா, ப்ளூ-ரேயா என்று பிளேயருக்குத் தெரியாது. லேசரை எரியவிட்டு, லென்ஸை மெல்ல மேலும் கீழும் அசைத்து, திரும்பிவரும் ஒளி எந்த உயரத்தில் பளிச்சிடுகிறது என்று பார்க்கிறது. அதைக்கொண்டு டிஸ்க்கின் வகையை ஊகிக்கிறது. எத்தனை அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று அளக்கிறது. எந்த டிஸ்க்கும் முழுச் சமதளமாக இருக்காது. சுழலும்போது அதன் பரப்பு ஏறி இறங்கும். அந்த அசைவோடு லென்ஸும் சேர்ந்து அசைந்து, ஒரு மைக்ரானுக்கும் குறைவான துல்லியத்தில் தடத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு வேகமாக அசைவது, எவ்வளவு பிசகினால் தடம் தவறியதாகக் கொள்வது, தவறினால் எத்தனை முறை திரும்ப முயல்வது என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்கும் நிரல்தான் ஃபர்ம்வேர். தமிழில் நிலைப்பொருள் என்று ஒரு கலைச்சொல் உண்டு. ஆங்கிலச் சொல்லை 1967இல் டேட்டாமேஷன் என்ற இதழில் எழுதிய கட்டுரையில் உண்டாக்கியவர் ஆஷர் ஓப்ளர். கெட்டியான வன்பொருளும் இல்லை, நினைத்தபோது மாற்றும் மென்பொருளும் இல்லை, இரண்டுக்கும் நடுவே நிற்பது என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது.

இப்போது கரடிக்கு வருவோம். ஒரு அடுக்கு ப்ளூ-ரேயில் 25 ஜிபி கொள்ளும். நீளமான படத்துக்கு அது போதாது. ஆகவே இரண்டு அடுக்கு, 50 ஜிபி. முதல் அடுக்கை லேசர் உள்ளிருந்து வெளியே படித்துக்கொண்டு போகும். ஓரத்துக்கு வந்ததும் இரண்டாம் அடுக்குக்குத் தாவி, அங்கிருந்து உள்நோக்கித் திரும்பும். இரண்டு அடுக்குக்கும் இடையே 25 மைக்ரான். தாவும் அந்த நொடியில் லென்ஸ் புதிய ஆழத்தில் குவிய வேண்டும். பிளாஸ்டிக்கின் கனம் மாறுவதால் ஒளிப்புள்ளி கலங்கும், அதற்கும் தனியாகத் திருத்தம் செய்ய வேண்டும். பிறகு தடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதுவரை திரையில் படம் நிற்காமல் இருப்பது, முன்கூட்டியே படித்து நினைவகத்தில் சேர்த்துவைத்த சில நொடித் தரவால்தான். கையிருப்பு தீர்வதற்குள் லென்ஸ் வேலையை முடித்தால் நமக்கு எதுவும் தெரியாது. முடிக்காவிட்டால் படம் நிற்கும், அதுவும் ஒவ்வொரு முறையும் அதே காட்சியில்.

பிளேயரை உருவாக்கிய பொறியாளர்கள் அன்று கிடைத்த டிஸ்க்குகளை வைத்துத்தான் இந்தத் தாவலைச் சோதித்திருப்பார்கள். நான்கு வருடம் கழித்து வேறொரு ஆலையில் அச்சான டிஸ்க்கில் இரண்டாம் அடுக்கு ஒளியைச் சற்றுக் குறைவாகத் திருப்பலாம். தரக்கட்டுப்பாட்டின் எல்லைக்குள்தான், ஆனால் விளிம்பில். நண்பர் வீட்டுப் புது பிளேயர் அதைச் சமாளித்துவிடும். சித்தப்பாவின் பிளேயர் ஒரு முறை முயன்று, தவறி, கைவிட்டுவிடும். இன்னும் இரண்டு முறை முயலச் சொல்லிக்கொடுத்தால் போதும். அந்தச் சொல்லிக்கொடுத்தல்தான் அப்டேட்.

கீறலையும் இதையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கீறலும் கறையும் இருந்தால் படம் உடனே நிற்காது. டிஸ்க்கில் எழுதும்போதே பிழைதிருத்தத்துக்கென்று உபரித் தரவைக் கலந்து எழுதுகிறார்கள். 1960இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இருவர் வகுத்த கணிதம் அது. சிடி, டிவிடி, ப்ளூ-ரே மூன்றும் அதைச் சார்ந்தே நிற்கின்றன. கீறல் அதன் சக்தியைத் தாண்டும்போது படம் முதலில் கட்டம் கட்டமாகச் சிதறும், ஒலி விக்கும், பிறகே நிற்கும். துடைத்தால் நிற்கும் இடம் கொஞ்சம் முன்பின்னாக மாறும். அப்படியில்லாமல், தெளிவாக ஓடிக்கொண்டிருந்த படம் ஒரே நொடியில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், எந்தச் சிதறலும் இன்றி நின்றால் ஃபர்ம்வேரைச் சந்தேகியுங்கள். மெனுவே வராமல் 'லோடிங்' சுற்றிக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான். டிஸ்க்கைப் போட்டதும் பிராந்தியம் பொருந்தவில்லை என்று எழுத்தில் காட்டினால் அது வேறு விஷயம். ப்ளூ-ரேக்கு இந்தியா சி பிராந்தியம், டிவிடிக்கு 5. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கிவந்த டிஸ்க்காக இருக்கும். எந்த அப்டேட்டும் அதைத் தீர்க்காது.

மெனு வராமல் சுற்றுவதற்குக் காரணம் லென்ஸோ அடுக்கோ இல்லை. ப்ளூ-ரேயைப் பற்றிப் பலருக்கும் தெரியாத செய்தி இது: டிஸ்க்கில் படத்தோடு நிரல்களும் இருக்கின்றன. அசையும் மெனு, கீழே விரியும் காட்சிப் பட்டியல், கூடவே வரும் விளையாட்டு, இவற்றைப் பல டிஸ்க்குகளில் ஜாவா மொழியில் எழுதியிருப்பார்கள். பிளேயருக்குள் ஒரு ஜாவா இயந்திரம் இருக்கிறது; டிஸ்க்கைப் போட்டதும் அது அந்த நிரலை எடுத்து இயக்குகிறது. ஆக, நாம் வாங்கும் ஒவ்வொரு படமும் நம் பிளேயர் அதுவரை பார்த்திராத ஒரு புது நிரலைக் கொண்டுவருகிறது. அதை எழுதியவர் தம் ஸ்டூடியோவில் இருந்த சில பிளேயர்களில் ஓட்டிப் பார்த்திருப்பார். உலகில் விற்ற அத்தனை மாடல்களிலும் ஓட்டிப் பார்ப்பது முடியாத காரியம். நிரல் கேட்கும் நினைவகம் பழைய பிளேயரில் இல்லாவிட்டால், அல்லது ஜாவா இயந்திரத்தில் எங்கோ ஒரு பிழை இருந்து அதைப் புது நிரல் முதல்முறையாகத் தொட்டுவிட்டால், 'லோடிங்' சுற்றும்.

இந்த நிலைமை ஓரளவு அவசரத்தால் வந்தது. 2006இல் ப்ளூ-ரேக்கும் தோஷிபாவின் எச்டி டிவிடிக்கும் நேரடிப் போட்டி. விதிமுறைகள் முழுவதும் பழுக்கும்வரை காத்திருக்காமல் பிளேயர்களைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். முதல் கட்டம் 1.0, படத்தின் மூலையில் இன்னொரு சிறு படம் காட்டும் வசதியுடன் 1.1, அதற்கு 256 எம்பி சேமிப்பிடம் வேண்டும். இணையத்தோடு பேசும் 2.0, அதற்கு 1 ஜிபி. 2008 பிப்ரவரியில் தோஷிபா போட்டியிலிருந்து விலகியபோது ப்ளூ-ரே வென்றது. ஆனால் முதலில் நம்பி வாங்கியவர்களின் பிளேயர்கள் பெரும்பாலும் 1.0இலேயே தேங்கிவிட்டன.

தேங்காத ஒன்றும் இருந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டிதான், ஆனால் ப்ளூ-ரேயும் ஓட்டும். அதில் வலுவான செயலியும் ஹார்டு டிஸ்க்கும் இணைய இணைப்பும் இருந்தன. 2007 டிசம்பரில் ஒரு அப்டேட், அது 1.1 ஆனது. 2008 மார்ச்சில் இன்னொன்று, 2.0 ஆனது. 2010 செப்டம்பரில் இன்னொன்று. முப்பரிமாணப் படமும் ஓட்டத் தொடங்கியது. ப்ளூ-ரேக்கு முப்பரிமாண விதிமுறையே எழுதப்படாத காலத்தில் விற்ற பெட்டி, வாங்கியவர் ஒரு ரூபாய் கூடுதலாகத் தராமல், நான்கு வருடம் கழித்து அதைக் கற்றுக்கொண்டது. உள்ளே ஒரு திருகாணிகூட மாறவில்லை.

இனிக் கசப்பான பக்கம். டிஸ்க்கில் உள்ள படம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் திறக்க ஒவ்வொரு பிளேயருக்கும் உற்பத்தியின்போதே சில சாவிகளைக் கொடுக்கிறார்கள். 128 பிட் நீளமுள்ள எண்கள். டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு தரவுத் தொகுதி இருக்கும். பிளேயர் தன் சாவியை அதோடு சேர்த்துக் கணக்கிட்டால் படத்தைத் திறக்கும் சாவிக்கு வழி கிடைக்கும். ஏதாவது ஒரு பிளேயரின் சாவி வெளியே கசிந்துவிட்டால், அதன்பின் அச்சாகும் டிஸ்க்குகளில் அந்தத் தொகுதியை மாற்றிவிடுவார்கள். கசிந்த சாவியைப் போட்டுக் கணக்கிட்டால் பயனற்ற விடைதான் வரும். பழைய டிஸ்க்குகள் எப்போதும்போல ஓடும், புதியவை ஓடாது. 2007இல் கணினியில் படம் பார்க்கும் ஒரு மென்பொருளுக்கு இது நடந்தது. புதுப்பிக்காமல் விட்டவர்களால் அதற்குப் பிறகு வந்த படங்களைப் பார்க்க முடியவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் இரண்டாவது காவல் ஒன்றும் வந்தது. பிடி பிளஸ் என்று பெயர். டிஸ்க்கில் உள்ள ஒரு சிறு நிரல் பிளேயருக்குள் ஓடி, 'நீ உண்மையான பிளேயர்தானா' என்று சோதிக்கும். முதல் படங்கள் வந்ததும் சில நேர்மையான பிளேயர்களே அந்தச் சோதனையில் திணறின. புதிய ஃபர்ம்வேர் கொடுத்துத்தான் அவை ஓடின. பெரிய அளவில் மக்கள் இதை உணர்ந்தது 2010 ஏப்ரலில். 'அவதார்' ப்ளூ-ரே அமெரிக்காவில் வெளியாகி முதல் நாளே லட்சக்கணக்கில் விற்றது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டவர்களில் பலருக்குப் படம் ஓடவில்லை. ஒரு நிறுவனத்தின் பிளேயர் என்றில்லை, பல நிறுவனங்களுடையதும். ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள் என்பதே பதிலாக வந்தது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர், காசு கொடுத்து பிளேயர் வாங்கியவர், அவருக்குத் தெரியாத ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. திருடுபவரைத் தடுக்கக் கட்டிய வேலியில் வாங்கியவரின் கால் மாட்டிக்கொள்கிறது.

அப்டேட் என்பது உள்ளே எங்கே எழுதப்படுகிறது? ஒரு காலத்தில் ஃபர்ம்வேரைச் சில்லு செய்யும்போதே பதித்துவிடுவார்கள். பிழை இருந்தால் சில்லையே மாற்ற வேண்டும். 1971இல் இன்டெல்லின் டோவ் ஃப்ரோமன் அழித்து எழுதும் சில்லு ஒன்றை உருவாக்கினார். அதன் முதுகில் குவார்ட்ஸில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். சில்லைப் பலகையிலிருந்து கழற்றி, அந்த ஜன்னல் வழியே புற ஊதா ஒளியைப் பல நிமிடம் காட்டினால் உள்ளே எழுதியது அழியும். 1984இல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ஃப்ளாஷ் நினைவகத்தை அறிவித்தார். அதில் ஒவ்வொரு சிற்றறையிலும் மின்சாரம் கசியாத பொருளால் நாற்புறமும் சூழப்பட்ட ஒரு குட்டித் தீவு இருக்கிறது. உயர் மின்னழுத்தம் கொடுத்து அதற்குள் எலக்ட்ரான்களை ஏற்றலாம், இறக்கலாம். மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை பல ஆண்டுகள் அங்கேயே அடைபட்டிருக்கும். கழற்ற வேண்டாம், ஜன்னல் வேண்டாம். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: ஒவ்வொரு எழுத்தாக அழிக்க முடியாது, ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். கேமரா ஃப்ளாஷ் அடிப்பதுபோல ஒரே வீச்சில் அழிவதால்தான் அந்தப் பெயர்.

'அப்டேட் நடக்கும்போது மின்சாரத்தை அணைக்காதீர்கள்' என்ற எச்சரிக்கையின் வேர் இதுதான். பழையதை மொத்தமாக அழித்துவிட்டு, புதியதை எழுத வேண்டும். அழித்து முடித்து எழுதி முடிக்காத நேரத்தில் கரண்ட் போனால், தட்டைத் திறப்பது எப்படி என்றுகூட அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அக்கறையுள்ள தயாரிப்பாளர்கள் தொடக்க நிரலை மட்டும் தொடாத ஒரு மூலையில் தனியே பாதுகாப்பார்கள். மற்றதெல்லாம் போனாலும் அது எழுந்து, மறுபடி அப்டேட் கோப்பைத் தேடும். விலை குறைந்த பெட்டிகளில் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பிளேயரைத் திருப்பி, பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை எழுதிக்கொண்டோம். அந்தக் கடைசி எழுத்துதான் எந்த நாட்டுக்கான பிளேயர் என்று சொல்வது. வேறு நாட்டு மாடலின் கோப்பை ஏற்றப் பார்த்தால் பெரும்பாலும் மறுத்துவிடும், மறுக்காவிட்டால் இன்னும் மோசம். ரிமோட்டில் செட்டிங்ஸ் போய், இப்போதைய ஃபர்ம்வேரின் பதிப்பு எண்ணைக் குறித்தோம். தயாரிப்பாளரின் தளத்தில் அதைவிடப் புதியது இருந்தது. சுருக்கப்பட்ட கோப்பாக வந்ததை விரித்து, பென் டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் நேராக வைத்தோம். பெயரை மாற்றவில்லை, பிளேயர் அந்தப் பெயரைத்தான் தேடும். பென் டிரைவ் ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும், பழைய பிளேயர்கள் வேறெதையும் படிக்காது. முதல் முறை 'கோப்பு இல்லை' என்றது அதனால்தான். யூஎஸ்பி இல்லாத மாடல்களுக்குக் கோப்பை வெற்று சிடியில் எழுத வேண்டும். எழுதியதும் 'ஃபைனலைஸ்' செய்து மூடாவிட்டால் பிளேயர் அதை வெற்று டிஸ்க்காகவே பார்க்கும்.

பிறகு டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் பிளேயரைச் செருகினோம். தொடங்கியதும் திரை கறுத்தது. முன்பக்கச் சின்ன டிஸ்பிளேயில் மட்டும் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. இந்த நேரத்தில் பிளேயர் முதலில் கோப்பை முழுதாகத் தன் நினைவகத்துக்குள் வாங்கிக்கொள்கிறது. கோப்பில் எங்காவது ஒரு பிட் மாறியிருக்கிறதா என்று கூட்டிப் பார்க்கிறது. தயாரிப்பாளரின் இலக்கமுறைக் கையெழுத்து சரியா என்று பார்க்கிறது. அதன்பிறகே அழிக்கும், எழுதும், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். எண் அறுபதில் நின்றபோது சித்தப்பா சுவிட்சைப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று நிமிடம் கழித்து எண் நகர்ந்தது. முடிந்ததும் பிளேயர் தானாக அணைந்து எழுந்தது. டிஸ்க்கைப் போட்டோம். ஒரு மணி ஏழாவது நிமிடத்தில் கரடி காலை ஊன்றி நடந்துபோயிற்று.

இணைய இணைப்புள்ள பிளேயர்கள் இதையெல்லாம் தாமாகவே செய்துகொள்கின்றன. வசதிதான், ஆனால் அதிலும் ஆபத்து இருக்கிறது. 2020 ஜூன் மாதம் ஒரு பெரிய நிறுவனத்தின் ப்ளூ-ரே பிளேயர்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் இயங்காமல் போயின. எழுந்திருக்கும், அணையும், மறுபடி எழுந்திருக்கும், அணையும். அது ஃபர்ம்வேர் அப்டேட்கூட இல்லை. எந்தெந்தத் தகவலைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறு அமைப்புக் கோப்பை அந்த பிளேயர்கள் வழக்கம்போல இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டன. அதன் அமைப்பு, பிளேயரில் இருந்த நிரல் எதிர்பார்த்ததுபோல இல்லை. எழுந்தவுடன் அதைப் படிப்பது, படித்ததும் தடுமாறி அணைவது என்று சுழன்றது. திருத்திய கோப்பை அனுப்பினாலும் அதை இறக்கும் கட்டத்தை எட்டுவதற்குள் பெட்டி அணைந்துவிடுகிறது. கடைசியில் பெட்டிகளைப் பழுதுபார்க்கத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நம்மைப் பற்றிய விவரத்தைச் சேகரிக்க வைத்த ஒரு கோப்பு, நாம் வாங்கிய பெட்டியையே முடக்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிளேயரை இணையத்திலிருந்து பிரித்துவைப்பதில் தவறில்லை என்று நான் நினைப்பது அதனால்தான். தேவைப்படும் நாளில் பென் டிரைவில் புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஆனால் தேவைப்படும் நாளில் அந்தக் கோப்பு இருக்குமா? என் கவலை இதுதான். தரத்துக்குப் பெயர்போன பிளேயர்களைச் செய்துவந்த ஓப்போ டிஜிட்டல், உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்தது. 2019இல் சாம்சங் அமெரிக்காவில் புதிய ப்ளூ-ரே பிளேயர்களைக் கொண்டுவருவதை நிறுத்தியது. 2025 தொடக்கத்தில் சோனி, வீட்டில் பதிவுசெய்யும் ப்ளூ-ரே டிஸ்க்குகளின் உற்பத்தியை முடித்துக்கொண்டது. கடை மூடுவது அவரவர் வியாபாரம். ஆனால் டிஸ்க்குகள் வீடுகளில் இருக்கின்றன. நல்ல முறையில் வைத்தால் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். அவற்றைப் படிக்கும் பெட்டிகள் ஃபர்ம்வேரோடு பிணைந்தவை. ஒரு மாடலின் பக்கத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டால், அந்த மாடல் கடைசியாகக் கற்றதோடு நின்றுவிடும். சில பத்து எம்பி கோப்பை ஒரு சர்வரில் வைத்திருக்க என்ன பெரிய செலவு? பிளேயர் விற்பதை நிறுத்துகிறவர்கள், கடைசிப் பதிப்பையும் அதற்கு முந்தையவற்றையும் எல்லாரும் எடுத்துவைத்துக்கொள்ளும்படி விட்டுச் செல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கலாம்.

அதுவரை நாமே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். அன்று சாயங்காலமே சித்தப்பா அந்தச் சிறிய பென் டிரைவில் வேறெதையும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் மாடல் எண், பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண், தேதி எல்லாம் தம் பழைய பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதினார். கீழே ஒரு வரி சேர்த்தார்: 'இன்வெர்ட்டர் பேட்டரி ஃபுல்லா இருக்கும்போது மட்டும்.' காகிதத்தால் பென் டிரைவைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, கரடிப் பட டிஸ்க்கின் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார்.